சிறு கொயருக்கு ஒரு கச்சேரிப் பருவம்: பரோக் இசையும் இன்றைய திருச்சபை இசையும் சேர்ந்த முழுமையான வழிகாட்டி

இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட கொயர், அதாவது பாடகர் குழு. வாரம் ஒரு மாலை ஒத்திகை, வருஷத்துக்கு மூன்று நான்கு கச்சேரி. ஜெர்மனி, ஹாலந்து, சுவீடன், இங்கிலாந்து என்று எந்தப் பக்கம் போனாலும் நடுத்தர ஊர்களில்கூட இப்படி ஒரு சேம்பர் கொயர் இருக்கும். அவற்றில் பல பாடுவது ஒரே மாதிரியான கலவையைத்தான். ஒரு பக்கம் பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) இசையமைப்பாளர்களான ஷூட்ஸ், புக்ஸ்டஹூட, பாஹ். மறுபக்கம் நம் காலத்து இசையமைப்பாளர்களான ஆர்வோ பேர்ட், சாண்ட்ஸ்ட்ரோம், கரோலின் ஷா. நடுவில் உள்ள இருநூறு வருஷத்தைப் பெரிய கொயர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கத்து இசையும் கேட்பது ஒரே குரலை: அதிர்வு குறைந்த, நேரான, சுருதி பிசகாத, நூறு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத குரல்.

நம் ஊர் ஆலயக் கொயர்களில் நான்கு பார்ட்டில் (சோப்ரானோ, ஆல்ட்டோ என்ற உயர்ந்த, தாழ்ந்த பெண்குரல்; டெனர், பாஸ் என்ற உயர்ந்த, தாழ்ந்த ஆண்குரல்) பாடி வளர்ந்த பலர் இன்று வெளிநாடுகளில் இத்தகைய குழுக்களில் இருக்கிறார்கள். அடுத்த வருஷத் திட்டத்தைப் போடும் பொறுப்பு அவர்களில் ஒருவர் தலையில் எப்போதாவது வந்து விழும். வட ஜெர்மனியில் ஒரு குழுவில் பாஸ் பாடிக்கொண்டே இந்த வேலையையும் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: பாட்டுகளை அடுக்கிப் பருவம் கட்டாதீர்கள், வாசகத்தை வைத்துக் கட்டுங்கள். கண்டக்டருக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளைக் கோத்தால் கேட்பவர்களுக்கு ஒன்றுமே நினைவில் நிற்காது. வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை, ஒரே அதிகாரத்தை, ஒரே கவிதையை முன்னூறு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் எப்படிக் கையாண்டார்கள் என்று காட்டினால், இசை படிக்காதவரும் காது கொடுப்பார்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள்

1730 ஆகஸ்ட் 23 அன்று பாஹ் லைப்சிக் நகரசபைக்கு ஒரு மனு எழுதினார். ஒரு கொயருக்குக் குறைந்தது 12 பேர், 16 இருந்தால் நல்லது, பார்ட்டுக்கு மூன்று நான்கு பேர் என்று அதில் கேட்கிறார். 1981-இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்க இசையறிஞர், பாஹின் பெரும்பாலான படைப்புகளில் பார்ட்டுக்கு ஒருவர்தான் பாடினார்கள் என்று வாதிட்டார். சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றே: இந்த இசை சிறு குழுவுக்கு எழுதப்பட்டது. ஆள் குறைவு என்று கூச்சப்படத் தேவையில்லை.

மொத்த எண்ணிக்கையைவிட முக்கியம், எந்தப் பார்ட்டில் ஆள் குறைவு என்பது. பெரும்பாலும் அது டெனர். இரட்டைக் கொயருக்கான எட்டுக் குரல் பாட்டுகளில் டெனர் இரண்டாகப் பிரியும். உங்களிடம் மூன்று டெனர்தான் என்றால் ஒருவர் தனியாக நிற்க வேண்டும். அந்த ஒருவருக்கு அன்று ஜலதோஷம் பிடித்தால் கச்சேரியே போச்சு. ஆகவே இரட்டைக் கொயர் பாட்டு பருவம் முழுக்க வேண்டாம், ஒன்றிரண்டு போதும்.

டெனர் பஞ்சமும் சோப்ரானோ மிகுதியும் உள்ள குழுக்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. பாஹின் "யேசு மைனே ஃப்ராய்ட", புக்ஸ்டஹூடவின் "மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி" இரண்டும் அடிப்படையில் இரண்டு சோப்ரானோ, ஒரு ஆல்ட்டோ, ஒரு டெனர், ஒரு பாஸ் என்ற ஐந்து குரல் அமைப்பு. உங்கள் பருவத்தின் இரண்டு தூண்களை இங்கேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

2. நாள்காட்டியைத் திருச்சபையிடம் கடன் வாங்குங்கள்

இந்த இசை எழுதப்பட்டதே ஆராதனைக் காலங்களுக்காக. நவம்பரில் இறந்தோரை நினைக்கும் நாட்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் ஆட்வென்ட், பின் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், பிறகு ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும். நான்கு நிறுத்தங்கள். கோடையில் ஐரோப்பாவில் பாதிக் குழு விடுமுறையில் இருக்கும், அதை மறந்துவிடுங்கள்.

கச்சேரிப் பருவம் என்ற ஏற்பாட்டுக்கே வட ஜெர்மனியின் லூபெக் நகரின் மரியாள் ஆலயத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. "ஆபெண்ட்முசீக்" எனப்படும் மாலைக் கச்சேரிகளைப் புக்ஸ்டஹூட வருஷந்தோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து ஞாயிறுகளில் நடத்தினார். செலவை நகரத்து வணிகர்கள் ஏற்றார்கள்; உள்ளே வரக் கட்டணம் இல்லை. கூட்டத்தின் கூச்சலை அடக்கக் காவலர்களை நிறுத்த வேண்டியிருந்தது என்பது படிக்கச் சுவையான தகவல். 1705-இல் இருபது வயது பாஹ், ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து இங்கே வந்தது இந்த மனிதரைக் கேட்கத்தான்.

நான்கையும் பெரிதாகச் செய்ய நினைக்காதீர்கள். வாரம் ஒருமுறை கூடும் குழு ஒரு வருஷத்தில் இரண்டு கனமான கச்சேரி, இரண்டு இலேசான கச்சேரி தாங்கும். அதற்கு மேல் போனால் குரலுக்கு முன்னால் மனசு களைத்துவிடும்.

3. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வாசகம்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. நான் போடும் வரிசையை அப்படியே சொல்கிறேன், உங்கள் குழுவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

*நவம்பர்: மரணம்.* மையத்தில் ஷூட்ஸின் "முசிகாலிஷே எக்ஸெக்வியன்". ஹைன்ரிஷ் போஸ்டுமுஸ் ராய்ஸ் என்ற பிரபு, தான் சாகும் முன்பே தன் செம்புச் சவப்பெட்டியில் பொறிக்க வேண்டிய வேத வசனங்களையும் ஞானப்பாட்டு வரிகளையும் தேர்ந்து வைத்திருந்தார். அந்த வரிகளுக்கே ஷூட்ஸ் இசையமைக்க, 1636-இல் கேரா நகரில் அவர் அடக்கத்தின்போது பாடினார்கள். கடைசிப் பகுதியில் ஒரு கொயர் சிமியோனின் பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, இரண்டு சேராபீன் தேவதூதர்களும் விடுதலையடைந்த ஓர் ஆத்துமாவுமாக மூன்று குரல்கள் "கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்று தூரத்திலிருந்து சேரும். இரண்டு கூட்டத்தையும் ஆலயத்தின் வெவ்வேறு இடங்களில் நிறுத்துவது ஷூட்ஸின் எண்ணம். கோயில் மேல்மாடம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இதற்கு முன்னால் இரண்டு சின்ன ஜோடிகளை வையுங்கள். ஒன்று, பரோக் காலத்து ஆங்கிலேயர் பர்செலின் "ஹியர் மை ப்ரேயர், ஓ லார்ட்". சங்கீதம் 102-இன் முதல் வசனம், எட்டுக் குரல், 34 தாளக்கட்டம், இரண்டரை நிமிஷம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒரே குரல், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சற்று மேலே இன்னொரு சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. "என் கூப்பிடுதல்" என்ற இடம் வந்ததும் சுரங்கள் அரை அரையாக நெளிகின்றன. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முடிவுக்குச் சற்று முன்னால் எட்டும் சேர்ந்து உரசும் ஓர் இடம் இருக்கிறது; அதை நோக்கித்தான் மொத்தப் பாட்டும் ஒரே மூச்சாக நகர்கிறது. பர்செலின் கையெழுத்துப் பிரதியில் இதற்குப் பின் வெற்றுத் தாள்கள் உள்ளன, ஏதோ பெரிய படைப்பின் தொடக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். 1986-இல் சுவீடனின் ஸ்வென்-டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம், பர்செலின் பக்கங்களைப் பாடி முடித்ததும் அங்கிருந்தே தொடர்வதுபோல் தன் பங்கை எழுதினார். பாடுபவர்கள் தாள் திருப்புவதற்குள் முன்னூறு வருஷம் கடந்துவிடும்.

இன்னொன்று நார்வேயின் க்னூட் நீஸ்டெட் எழுதிய "இம்மார்ட்டல் பாஹ்". பாஹின் "கொம், சூஸர் டோட்" பாட்டின் தொடக்க வரிகளை ஒருமுறை சாதாரணமாகப் பாடிவிட்டு, அதே வரிகளை மறுபடி பாடும்போது கொயர் பல குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு வினாடிக் கணக்கில் இழுக்கும். பாஹின் இசைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கலங்கிக் கடைசியில் தெளியும். சுரங்கள் சுலபமானவை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்க்காமல் தன் வினாடியைத் தானே எண்ணுவதுதான் கஷ்டம்.

*டிசம்பர்: மரியாளின் பாட்டு.* இதைச் சின்னதாக வையுங்கள். வாத்தியக்காரர்கள் அந்த மாதத்தில் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் மரியாளின் பாட்டோடு சேர்த்துப் பாடப்படும் "ஓ" என்று தொடங்கும் ஏழு சிறு முன்மொழிகளை (ஆன்டிஃபன்) ஆர்வோ பேர்ட் 1988-இல் ஜெர்மன் மொழியில் துணை வாத்தியமின்றி அமைத்தார். ஏழையும் பாடி முடித்த கையோடு, ஷூட்ஸின் ஜெர்மன் மக்னிஃபிகாத்துக்கு, அதாவது மரியாளின் பாட்டுக்கே, போங்கள். 1671-இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவர் இறப்பதற்கு முந்தைய வருஷம் எழுதியது. ஆராதனை முறையிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருபவை என்பதால் விளக்கம் கூடத் தேவைப்படாது. கூட 1609-இல் பிரட்டோரியஸ் நான்கு குரலில் அமைத்த கிறிஸ்துமஸ் ரோஜாப் பாட்டையும், அதையே மிக மெதுவாக்கி இன்னொரு கொயரின் ஹம்மிங்கில் மிதக்கவிடும் யான் சாண்ட்ஸ்ட்ரோமின் அமைப்பையும் சேர்த்தால் நிகழ்ச்சி முழுமை.

ஓர் எச்சரிக்கை: மேலே வந்த இரண்டு சாண்ட்ஸ்ட்ரோமும் வேறு வேறு ஆட்கள், இருவரும் சுவீடன்காரர்கள், இருவரும் கொயர் இசை எழுதியவர்கள். ஸ்கோர் (இசைத்தாள்) வாங்கும்போது முதற்பெயரைப் பாருங்கள்.

*லெந்து: காயங்கள்.* பருவத்தின் உச்சம் இதுவே என்பது என் அபிப்பிராயம். புக்ஸ்டஹூட 1680-இல் ஸ்டாக்ஹோமில் இருந்த நண்பர் குஸ்தாஃப் டூபனுக்குக் காணிக்கையாக்கிய "மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி" ஏழு சிறு காண்டாட்டாக்களின் (வாத்தியங்களோடு பாடும் பல பகுதிப் படைப்புகள்) தொகுப்பு. சிலுவையில் தொங்கும் உடலைப் பாதத்திலிருந்து ஆரம்பித்து, முழங்கால், கைகள், விலா, மார்பு, இருதயம், முகம் என்று பார்வை மேலே ஏறுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனமும், இடைக்காலத்து லத்தீன் கவிதை ஒன்றின் சில பத்திகளும் வரும். மொத்தம் ஒரு மணி நேரம்.

அந்த லத்தீன் கவிதைக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. அதன் முகத்தைப் பற்றிய பகுதியைத்தான் பவுல் கெர்ஹார்ட் ஜெர்மனில் ஞானப்பாட்டாக்கினார். அதைத்தான் பாஹ் மத்தேயு பாடுகளின் நடுவே மறுபடி மறுபடி கொண்டுவருகிறார். அதுதான் தமிழில் "இரத்தம் காயம் குத்தும்" என்று பெரிய வெள்ளிதோறும் நம் ஆலயங்களில் ஒலிப்பது. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து இந்த லுத்தரன் ராகங்கள் தமிழுக்குள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஆகவே ஏழாவது காண்டாட்டாவில் "சால்வே, காபுட் க்ருயென்டாட்டும்" என்று தொடங்கும்போது தமிழ்ப் பாடகர் பாடுவது, சின்ன வயதிலிருந்து பாடி வந்த வரிகளின் மூலத்தை. ராகம் வேறு, கவிதை அதேதான்.

இதற்கு இன்றைய ஜோடி தேடி அலைய வேண்டாம். ஃபிலடெல்ஃபியாவின் "தி கிராஸிங்" கொயர் 2016-இல் ஏழு இசையமைப்பாளர்களைக் கூப்பிட்டு, ஏழு காண்டாட்டாக்களுக்கும் ஆளுக்கொரு பதில் எழுதச் சொன்னது. கைகளைப் பற்றிய மூன்றாவதற்குக் கரோலின் ஷா எழுதியது "டு தி ஹேண்ட்ஸ்". "உன் கைகளில் இருக்கிற இந்த வடுக்கள் ஏதென்று" கேட்கும் சகரியாவின் வசனத்தை எடுத்து, "உன்" என்பதை "எங்கள்" என்று திருப்புகிறார். ஒரு பகுதியில், சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைபவர்களின் எண்ணிக்கையைக் கொயர் நாடு நாடாகச் சொல்கிறது, வெறும் எண்களாக. எங்கள் ஒத்திகையில் அந்தப் பக்கம் வந்தபோது அதுவரை குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த பின்வரிசை டெனர்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். இதைப் புக்ஸ்டஹூடவின் மூன்றாவது காண்டாட்டா முடிந்த உடனேயே நடுவில் செருகுங்கள். கடைசியில் தனியாக வைத்தால் இணைப்பாகத் தோன்றும், பதிலாகத் தோன்றாது.

*பெந்தெகொஸ்தே: ரோமர் 8.* பாஹின் "டேர் கைஸ்ட் ஹில்ஃப்ட்" 1729-இல் லைப்சிக் தோமா பள்ளித் தலைமையாசிரியர் எர்னெஸ்டியின் அடக்கத்துக்கு எழுதியது. வாசகம் ரோமர் 8:26, 27. "யேசு மைனே ஃப்ராய்ட"வில் யோஹான் ஃப்ராங்கின் ஞானப்பாட்டுப் பத்திகளுக்கு இடையிடையே வருவதும் அதே அதிகாரத்தின் முற்பகுதி வசனங்கள். சாண்ட்ஸ்ட்ரோம், அதாவது ஸ்வென்-டேவிட், பாஹின் ஆறு மோட்டெட்டுகளின் (கொயருக்கான ஆலயப் பாட்டுகள்; மேலே சொன்ன இரண்டும் அந்த வகை) வாசகங்களுக்கும் தானே புதிதாக இசையமைத்தவர். "டேர் கைஸ்ட்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "யேசு மைனே ஃப்ராய்ட"வில் முடியுங்கள். கச்சேரிக்கு முன் அந்த அதிகாரத்தை ஒருவர் நிதானமாக வாசித்தால் போதும், வேறு பேச்சு வேண்டாம்.

4. வாத்தியமும் சுருதியும்

பரோக் வாத்தியக்காரர்கள் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 415 அதிர்வு) வைப்பார்கள். இன்றைய பியானோவின் 440-ஐவிட அரைச் சுரம் கீழே. இது இந்தக் காலத்துச் சமரசம்தான், அக்காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறியது. ஆனால் ஒரே கச்சேரியில் பழையதும் புதியதும் கலக்கும்போது சங்கடம் இங்கேதான் தொடங்கும். ஷாவின் இசை இன்றைய சுருதியை எதிர்பார்க்கிறது, புக்ஸ்டஹூடவை வாசிக்கும் குடல் நரம்பு வயலின்கள் 415-இல் நிற்கின்றன. இரண்டு குழுவை அமர்த்தப் பணமிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதபோது லெந்துக் கச்சேரியை முழுக்க 440-இல் இன்றைய வயலின்களோடு, பரோக் வில்லைப் பிடித்து வாசிக்கச் சொல்வது என் வழக்கம். சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆறாவது காண்டாட்டாவுக்கு மட்டும் புக்ஸ்டஹூட ஐந்து வயோல்கள் (கால்களுக்கிடையே பிடித்து வில்லால் வாசிக்கும் பழைய நரம்பு வாத்தியம்) கேட்கிறார்; அந்த மங்கலான ஒலி இல்லாமல் "இருதயம்" இருதயமாகாது, ஆகவே வேறெங்காவது மிச்சம் பிடித்தாவது அவர்களைக் கூப்பிடுங்கள்.

மற்ற மூன்று கச்சேரிக்கும் ஒரு சிறிய பெட்டி ஆர்கனும் ஒரு செல்லோவோ வயலோனோ போதும். வாடகைக்குக் கிடைக்கும் பெட்டி ஆர்கன்களில் பலவற்றில் விசைப்பலகையை நகர்த்தி 415-க்கும் 440-க்கும் மாறலாம். முன்பதிவின்போதே இதைக் கேளுங்கள். ஷூட்ஸுக்கு மீன்டோன் என்ற பழைய முறையில் சுருதி கூட்டச் சொன்னால் பெரிய மூன்றாம் சுரங்கள் தூய்மையாக விழும், கொயரும் தானாக அதில் உட்காரும்.

5. இடம்

கை தட்டிப் பாருங்கள். எதிரொலி இரண்டு மூன்று வினாடியில் அடங்கினால் அந்த ஆலயம் எல்லாவற்றுக்கும் ஆகும். ஐந்து வினாடிக்கு மேல் போனால் பேர்ட்டுக்கும் நீஸ்டெட்டுக்கும் சொர்க்கம், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடும் பாஹின் ஃபியூகுக்கு நரகம்: பதினாறாம் பங்கு சுரங்கள் சேறாகிவிடும். காலி ஆலயத்தில் கேட்டதை அப்படியே நம்பாதீர்கள், குளிர்காலக் கோட்டு போட்ட இருநூறு பேர் ஒலியை நிறைய உறிஞ்சுவார்கள். வெப்பமூட்டி எப்போது போடுவார்கள் என்று கோயில் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். குளிரில் ஆர்கன் குழாய்களின் சுருதி இறங்கும்.

6. ஸ்கோரும் உரிமையும்

பரோக் பகுதிக்கு உரிமைத் தொல்லை இல்லை. 1998-இல் தொடங்கிய சிபிடிஎல் என்ற கொயர் இசை இணையத்தளத்தில் இலவச ஸ்கோர்கள் குவிந்துள்ளன; தன்னார்வலர்கள் தட்டியவை, பிழைகளும் உண்டு. பாஹின் மோட்டெட்டுகளுக்கு பேரென்ரைட்டர், காருஸ், பிரைட்கோஃப் பதிப்புகளில் ஒன்றை எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள், பல வருஷம் உழைக்கும். ஒருவர் கையில் ஒரு பதிப்பு, இன்னொருவர் கையில் வேறொன்று என்றால் தாளக்கட்ட எண் சொல்வதிலேயே ஒத்திகை போய்விடும்.

இன்றைய படைப்புகள் விஷயம் வேறு. ஐரோப்பாவில் இசையமைப்பாளர் இறந்து 70 வருஷம், இந்தியாவில் 60 வருஷம் வரை உரிமை நீடிக்கும். ஸ்கோரைத் தலைக்கு ஒன்றாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், நகலெடுக்கக் கூடாது. வாத்தியப் பகுதிகள் பெரும்பாலும் வாடகைக்குத்தான் கிடைக்கும். இதற்கு மேல் நிகழ்த்தும் உரிமைக்கு ஜெர்மனியில் கெமா, இங்கிலாந்தில் பிஆர்எஸ், இந்தியாவில் ஐபிஆர்எஸ் என்று அந்தந்த நாட்டு அமைப்பிடம் கணக்குக் காட்ட வேண்டும். நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சிடும் மொழிபெயர்ப்புக்கும் உரிமை உண்டு என்பது பலருக்கு உறைப்பதில்லை. நீங்களே மொழிபெயர்த்துவிடுவது நல்லது. வேத வசனங்களுக்குப் பழைய பதிப்பை எடுங்கள்.

7. ஒத்திகை

ஒரு கச்சேரிக்குப் பத்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய இசையை ஒத்திகையின் முதல் இருபது நிமிஷத்தில், காது களைக்கும் முன் எடுங்கள். பாஹைக் கடைசியில் வையுங்கள். களைத்தவனையும் பாஹ் எழுப்பிவிடுவார்.

பேர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளைப் பார்த்துச் சுலபம் என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். 1976-க்குப் பின் அவர் எழுதும் முறையில் ஒரு குரல் படிப்படியாகச் சுரவரிசையில் நடக்கும், கூட வரும் குரல் ஆதார இசைவின் மூன்று சுரங்களை மட்டும் தொடும். நடக்கும் குரலும் நிற்கும் குரலும் உரசும்போது இரண்டு சுரமும் அடுத்தடுத்து மோதும். அந்த உரசலுக்குப் பயந்து பாடகர்கள் அரை மனதாகப் பாடினால் மொத்தமும் கலங்கித் தெரியும். மருந்து இது: நிற்கும் மூன்று சுரங்களை மட்டும் தனியே, உயிரெழுத்தில், மணி அடிப்பதுபோல் பாடவையுங்கள். அது அசையாமல் நின்ற பிறகு நடக்கும் குரலைச் சேருங்கள். அதிர்வு துளியும் வேண்டாம். மௌனத்தை எண்ணிப் பாடுங்கள், அதுவும் எழுதப்பட்ட இசை.

"யேசு மைனே ஃப்ராய்ட"வில் பதினோரு பகுதிகள். முதலும் கடைசியும் ஒரே ஞானப்பாட்டு அமைப்பு, நட்டநடுவில் ஆறாவதாக ஒரு ஃபியூக், இரண்டாவதின் இசை பத்தாவதில் திரும்பி வரும். இந்த வரைபடத்தை முதல் ஒத்திகையிலேயே கரும்பலகையில் போடுங்கள், மனப்பாடம் பாதி குறையும். ஆபத்து ஒன்பதாவதில் இருக்கிறது. "குட்ட நாஹ்ட்" என்று உலகத்துக்கு விடைகொடுக்கும் அந்த அழகான பகுதியில் பாஸ் கிடையாது. அடித்தளம் இல்லாததால் சோப்ரானோக்கள் மெல்ல மெல்ல இறங்குவார்கள், யாருக்கும் தெரியாது. பத்தாவதில் பாஸ் உள்ளே வரும்போதுதான் வெட்டவெளிச்சமாகும். ஆர்கன் கூட வாசித்தால் தப்பலாம். இல்லையென்றால் ஒன்பதாவதின் கடைசி இசைவில் நின்று, சுருதிக்கவையைத் தட்டிச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பாஸ்காரர்களை அந்த நேரத்தில் அடிச் சுரத்தை மனதுக்குள் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நாங்கள் சும்மா உட்காரும் பேர்வழிகள் என்று நினைக்கிறவர்களுக்கு இது தெரியாது.

உச்சரிப்பு. புக்ஸ்டஹூடவின் லத்தீனை ஜெர்மன்காரர் சொன்னதுபோல் சொல்ல வேண்டும்: "அன்யுஸ்" இல்லை "அக்னுஸ்", "சேலும்" இல்லை "ட்சேலும்". இத்தாலிய உச்சரிப்பில் பழகிய கத்தோலிக்கக் கொயர்க்காரர்களுக்கு முதலில் நாக்கு திரும்பாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறொரு பழக்கம்: மெய்யெழுத்தில் முடியும் சொல்லின் கடைசியில் நமக்குத் தெரியாமலே ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். "கைஸ்ட்" என்பது "கைஸ்ட்டு" ஆகிவிட்டால் ஃபியூகில் கூடுதலாக ஓர் அசை விழும். எந்தத் தாள எண்ணிக்கையில் அந்த "ட்" விழ வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைத்து, எல்லோரும் ஒன்றாக வெட்டுங்கள்.

கடைசி மூன்று வாரம் பார்ட் பார்ட்டாக நிற்பதை விட்டுவிட்டு, நால்வர் நால்வராகக் கலந்து நிற்கவையுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆல்ட்டோ இல்லாத ஆல்ட்டோவுக்கு வரும் தைரியமே தனி.

8. காசு

பெரிய செலவு வாத்தியக்காரர்கள், அடுத்தது தனிக்குரல் பாடகர்கள், பிறகு ஆர்கன் வாடகை. தனிக்குரல்களைக் குழுவுக்குள்ளேயே எடுத்தால் ஒரு செலவு குறையும். மெம்ப்ராவின் தனிப்பகுதிகள் சின்னவை, ஒவ்வொரு காண்டாட்டாவுக்கும் வேறு ஆளைப் போடலாம். டிசம்பரில் கூட்டம் தானாக வரும், அதில் சேர்ந்ததை லெந்துக்கு ஒதுக்குங்கள். டிக்கெட்டா, வாசலில் உண்டியலா என்ற கேள்விக்கு என் பதில்: சொந்த ஊர் ஆலயத்தில் உண்டியல், வெளியூரில் டிக்கெட்.

9. கச்சேரி நாள்

இடைவேளை வைக்காதீர்கள். எழுபது எண்பது நிமிஷம் ஒரே மூச்சில் போகட்டும், நடுவில் கைதட்ட வேண்டாம் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பர்செலிலிருந்து சாண்ட்ஸ்ட்ரோமுக்குப் போகும் இடத்தில் யாராவது தட்டிவிட்டால் அத்தனை வாரத்து உழைப்பும் வீண். வாசகம் மூல மொழியிலும் மொழிபெயர்ப்பிலும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆலய வெளிச்சத்தில் அறுபது வயதுக்காரர் படிக்க வேண்டும். ஒரு வாக்கியம் பக்கம் தாண்டிப் போகும்படி அச்சிடாதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தாள் திருப்பும் சத்தம் பேர்ட்டின் மௌனத்தில்தான் வந்து விழும்.

அன்று மதியம் இடத்தில் பாடிப் பார்ப்பதை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். முழுதாகப் பாட வேண்டாம். தொடக்கங்கள், முடிவுகள், நீஸ்டெட்டுக்காக யார் எந்தத் தூணருகே போக வேண்டும், திரும்ப எந்த வழியாக வர வேண்டும், இவை போதும். ஆர்கன் சுருதி கூட்ட ஆள் வரும் நேரத்தில் கொயரை வெளியே அனுப்பிவிடுங்கள், அவருக்கு அமைதி வேண்டும்.

முடிந்த மறுவாரமே வாடகை ஸ்கோர்களை எண்ணி வாங்குங்கள், பென்சில் குறிப்புகளை அழித்து, ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். பிந்தினால் கட்டணம் ஏறும். ஒன்று குறைந்தால் அதற்கும் விலை போடுவார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் ஏதாவது ஒரு டெனரின் கார் பின்சீட்டில் கிடக்கும்.